துருவப் பனி பட்டிமன்றமும் கரண்ட் போன தீர்ப்பும்

“ஆனால்…” என்றார் நடுவர். கரண்ட் போய்விட்டது.

மைக்செட் தொழிலில் நான் பார்க்காத கூத்து கிடையாது. கல்யாண வீட்டில் ஆம்ப்ளிஃபயர் புகைந்திருக்கிறது. கட்சிக் கூட்டத்தில் எதிர்க்கட்சிக்காரன் ஒயரை அறுத்துவிட்டு ஓடியிருக்கிறான். எதற்கும் நான் கலங்கியதில்லை. இந்த ஒரு ‘ஆனால்’ மட்டும் என்னைப் பச்சைமலை வரைக்கும் இழுத்தடித்துவிட்டது. சவுண்ட் சர்வீஸ் என்று போர்டு மாட்டிக்கொண்டு கிளம்புகிற தம்பிகள் இதைப் படித்துவிட்டுக் கிளம்பட்டும்.

எண்பதுகளின் தொடக்கம். ஸ்ரீரங்கத்தில் ஒரு வாசகர் வட்டத்தின் ஆண்டு விழா. வழக்கமாகக் கூட்டுக் குடும்பமா, தனிக் குடித்தனமா என்றுதான் பட்டிமன்றம் வைப்பார்கள். அந்த வருஷம் செயலாளருக்கு என்ன தோன்றியதோ, ‘வடதுருவப் பனி உருகுமா, உருகாதா?’ என்று நோட்டீஸ் அடித்துவிட்டார். “ஏன் சார், நம்ம ஊர்ல ஐஸ் வண்டியே வெயில்ல நிக்க மாட்டேங்குது, வடதுருவத்துக்கு எதுக்குப் போறீங்க?” என்று கேட்டேன். “நீ ஸ்பீக்கர் குழாயைக் கட்டுய்யா” என்றார்.

சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே பேசினார்கள். ‘உருகும்’ அணியில் ஒரு டீச்சர், ஆலைப் புகையும் மோட்டார் புகையும் பூமிக்குக் கம்பளி போர்த்துகின்றன என்றார். ‘உருகாது’ அணியில் ஒரு வங்கி அதிகாரி எழுந்தார். “பத்து வருஷம் முன்னாடி இதே பத்திரிகைக்காரங்க, பூமி குளிருது, பனியுகம் வரப்போகுதுன்னு எழுதினாங்க. நானும் ஸ்வெட்டர் வாங்கி வச்சேன். இன்னும் பிரிக்கவே இல்லை!” கூட்டம் சிரித்தது. அவர் விடவில்லை. “கடல்ல மிதக்கிற பனி உருகினா கடல் ஏறாது. டம்ளர்ல தண்ணி ரொப்பி, ஐஸ் மிதக்க விட்டுப் பாருங்க, வழியுதான்னு!” டீச்சர் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்: “மிதக்கிறது சரி சார், பாறை மேல உட்கார்ந்திருக்கிற பனி? அது இறங்கி வந்தா?” விசில் பறந்தது.

நடுவர் பேராசிரியர் அருளானந்தம். திருச்சியில் ஒரு கல்லூரியில் தமிழ் வகுப்பு எடுப்பவர். வெண்கலக் குரல், மைக்கே தேவையில்லை. பட்டிமன்ற நடுவருக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரைத் தோற்கடிக்கப் போகிறாரோ, அந்த அணியைத்தான் முதலில் தலையில் தூக்கி வைத்து ஆடுவார். அடேயப்பா, இவர்களுக்குத்தான் தீர்ப்பு என்று கூட்டம் நம்பும்போது, ‘ஆனால்’ என்று ஒரு நிறுத்தம். அங்கேதான் வண்டி திரும்பும். கூட்டத்துக்கும் இது தெரியும். தெரிந்தே ஏமாறுவதில் ஒரு சுகம்.

அன்றைக்கு அவர் தூக்கி வைத்தது ‘உருகும்’ அணியை. “பனி உருகும்! கடல் பொங்கும்! நாகப்பட்டினத்தை விழுங்கும்! தஞ்சாவூரைத் தாண்டும்! காவிரியும் கொள்ளிடமும் எதிர்த்துப் பாயும்! இரண்டு ஆற்றுக்கும் நடுவில் இருக்கும் நம் திருவரங்கம் என்னாகும்?” எனக்கே ரோமம் சிலிர்த்தது. அடுத்து, “ஆனால்…”

இருட்டு. பந்தலில் இருந்தவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் வெறும் தொண்டையால் மிச்சத்தைப் பேசி, ‘உருகாது’ அணிக்குத் தீர்ப்பு சொல்லி, கைதட்டல் வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார். தூரத்துத் தெருக்களில் நான் கட்டியிருந்த குழாய்களின் கதை வேறு. அவை ‘திருவரங்கம் என்னாகும்’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டன.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கொள்ளிடக்கரைப் பக்கம் கட்டிய குழாயை அவிழ்க்கப் போனேன். எதிர்வீட்டுக் கமலா அக்கா ஓடி வந்தது.

“ஏன் தம்பி, கடல் வருதாமே?”

“யாருக்கா சொன்னது?”

“உன் குழாய்தான் சொல்லுச்சு! சரோஜா விடியக்காலைல பிள்ளைங்க ரெண்டையும் கூட்டிக்கிட்டு முதல் பஸ்ல அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிட்டா. பச்சைமலைக்கு. இனிமே இந்தப் பக்கமே வரமாட்டாளாம்.”

எனக்குச் சுருக்கென்றது. சரோஜாவைத் தெரியாதவர்கள் அந்தத் தெருவில் கிடையாது. சில வருஷம் முன்னால் வந்த பெரிய வெள்ளத்தில் வீட்டைப் பறிகொடுத்தவள். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். இட்லி சுட்டு விற்றுக்கொண்டிருந்தவளுக்கு, திருச்சியில் ஒரு கான்வென்ட் ஸ்கூலில் ஆயா வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலையில் வந்து சேர வேண்டும், வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த வேலைக்காக அவள் எத்தனை நாள் நடையாய் நடந்தாள் என்று கமலா அக்கா சொன்னது.

நேரே திருச்சிக்கு சைக்கிளை மிதித்தேன். பேராசிரியர் பூசை முடிந்து சர்ச்சிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். நம்மைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். மனிதர் வெலவெலத்துப் போய்விட்டார்.

“நான் சொன்னா அந்தம்மா நம்பாதுங்க. பயமுறுத்தின குரலே வந்து சொன்னாத்தான் நம்பும்” என்றேன்.

“வாங்க போவோம்” என்றார். வீட்டுக்குக்கூடப் போகவில்லை.

துறையூர் வரைக்கும் பஸ். மலைக்குப் போகிற பஸ் போயே போய்விட்டது. மரவள்ளிக்கிழங்கு ஏற்ற மேலே போன ஒரு லாரியில் தொற்றிக்கொண்டோம். வெள்ளை வேட்டி, சிலுக்கு ஜிப்பாவோடு பேராசிரியர் காலிச் சாக்குகளின் மேல் உட்கார்ந்து வந்ததை அவருடைய மாணவர்கள் பார்த்திருக்க வேண்டும்!

சரோஜா அண்ணன் வீட்டு வாசலில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததுமே, “கூட்டிட்டுப் போக வந்தீங்களாண்ணே? நான் வரலை” என்றாள்.

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். “தாயே! நேற்றைய மன்றத்தில் நான் உரைத்தது…”

“சார், எனக்குக் கைதட்டத் தெரியாது” என்றாள் சரோஜா. “போன வெள்ளத்துல இதுங்க ரெண்டையும் ஓட்டு மேல இழுத்துப் போட்டுக்கிட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். கீழ தண்ணி சத்தம் இன்னும் காதுல இருக்கு. அதனால மேடைப் பேச்செல்லாம் வேணாம். வருமா, வராதா?”

அவர் மடமடவென்று ‘வராது’ என்று சொல்லியிருக்கலாம். மேடையில் அதுதானே தீர்ப்பு? நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன், சொல்லித் தொலைங்களேன் என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். அவர் அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது. அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதே இல்லை.

“எனக்கு முழுசாத் தெரியாதும்மா. நான் தமிழ் வாத்தியார். ரெண்டு பத்திரிகையைப் படிச்சிட்டு மேடை ஏறினவன். மேடைன்னா ஒரு பக்கம் சாஞ்சு தீர்ப்பு சொல்லியாகணும், சொன்னேன். விஷயம் தெரிஞ்சவங்களே இன்னும் அடிச்சுக்கிறாங்க. ஒருத்தர் உருகுதுங்கிறார், ஒருத்தர் இல்லைங்கிறார். ஆனா நான் படிச்ச வரைக்கும், உருகும்னு சொல்றவங்க யாரும் நாளைக்கே கடல் வரும்னு சொல்லலை. அது ராத்திரியோட ராத்திரியா வர்ற ஆத்து வெள்ளம் இல்லம்மா. வந்தா மெள்ள மெள்ள, வருஷக்கணக்குல ஏறும். மொதல்ல கடலோரத்துக்குத்தான் கஷ்டம். நாளைக்குக் காலைல நீங்க வேலைல சேர்றதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.”

சரோஜா கத்தியைக் கீழே வைத்தாள். “அப்ப ஆத்து வெள்ளம்?”

“அது இன்னொரு தடவை வந்தாலும் வரும். அதுக்குத்தான் சொல்றேன், வேலைல சேருங்க. நாலு காசு சேர்ந்ததும் மாடி உள்ள வீடாப் பாருங்க.”

உரித்த கிழங்கைக் கூடையில் போட்டாள். பிறகு, “இதை ஏன் சார் நேத்தே குழாயில சொல்லலை?” என்று கேட்டாள்.

பேராசிரியர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். “கரண்ட் போயிருச்சும்மா” என்றேன். சரோஜா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

கிழங்கு ஏற்றிய அதே லாரியில் எல்லோரும் இறங்கினோம். மூட்டையின் மேல் பேராசிரியர் மடியில் சின்னது தூங்கிவிட்டது. திங்கட்கிழமை காலையில் நானும் ஸ்கூல் கேட்டுக்கு எதிரில் போய் நின்றேன். மனசு கேட்கவில்லை, வேறென்ன? உள்ளே போன சரோஜா கொஞ்ச நேரத்தில் கையில் துடைப்பத்தோடு வராண்டாவுக்கு வந்து, என்னைப் பார்த்து, போங்க என்று கையைக் காட்டினாள். அப்பாடா! எதிர்க் கடையில் ஒரு டீ குடித்தேன். அந்த மாதிரி டீ பிறகு நான் குடிக்கவே இல்லை.

அந்த வாரமே ஒரு லாரி பேட்டரியும், பேட்டரியில் ஓடுகிற ஆம்ப்ளிஃபயரும் வாங்கினேன். தம்பிகளுக்கு நான் சொல்ல வருவது இவ்வளவுதான். பேசுகிறவர் எந்தப் பக்கம் பேசினாலும் நமக்கு ஒன்றுமில்லை. பந்தலில் இருப்பவன் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வான். குழாயடியில் நிற்பவனுக்குக் குழாய் சொல்வதுதான் வேதவாக்கு. கடைசி வார்த்தை அவன் காதில் விழுகிற வரைக்கும் நம் வேலை முடியவில்லை.

எண்பதுகளின் கடைசியில் அதே கான்வென்ட்டில் ஆண்டு விழாவுக்கு மைக்செட் கட்டப் போனேன். பேப்பர்களில் அப்போது மறுபடியும் துருவப் பனிச் சண்டை. இந்தத் தடவை ‘உருகும்’ அணியின் கைதான் ஓங்கியிருந்தது. நீலக்கரைப் புடவையில் சரோஜா வந்து நின்றாள்.

“அண்ணே, பனி நிஜமாவே உருகுதாமே? சிஸ்டர் பேப்பர் படிச்சுச் சொன்னாங்க. அப்ப அன்னிக்குக் கரண்ட் போறதுக்கு முன்னாடி சொன்னதுதான் சரியா?”

“ஏம்மா, மறுபடியும் மலைக்குக் கிளம்பிடாதே” என்றேன்.

“நான் ஏன் போறேன்? மெள்ளத்தான் ஏறும்னு சார் சொல்லியிருக்காரே. நானும் மாடி வீட்டுக்குப் போயிட்டேன்” என்றாள். பிறகு மேடைக்குப் பக்கத்தில் குனிந்து எட்டிப் பார்த்தாள்.

“அதெல்லாம் இருக்கட்டும். பேட்டரி கொண்டாந்தீங்களா?”