அப்பா அடித்த இடுக்கி

பழைய ஜன்னல் கிராதியைத் தொட்ட கையில் துருவாடை அடித்ததும், சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பழைய இரும்புக் கடை நினைவுக்கு வந்துவிட்டது. இன்று அங்கே செல்போன் கடை. விசைத்தறி ஓட்டிய அப்பா, கொல்லுவேலை பழகும் ஆசையில், ஞாயிறுதோறும் என்னைச் சைக்கிளில் வைத்து அங்கே கூட்டிப்போய், ஒவ்வொரு இரும்பையும் தூக்கிக் கல்லில் தட்டி, “கேளுட்டி, கோயில் மணி மாதிரி இருக்கு” என்று பூரிப்பார். அங்கே வாங்கிய லாரி அச்சுத் துண்டு, வீட்டுக் கொல்லையில் இரும்பை வைத்து அடிக்கும் பட்டடையானது. ஓட்டை வாளி களிமண் பூசி உலையானது. துருத்திக்குப் பதில் துருப்பிடித்த சைக்கிள் பம்ப், அதை அடித்தே என் தோள் வலிக்கும். பழுத்த இரும்பைப் பிடிக்கக் குறடு மட்டும் கிடைக்காமல், அம்மா சட்டி இறக்கும் இடுக்கியை எடுத்துப் போனார். அது நெருப்பில் துவண்டு வளைந்தது.

“ஏட்டி, சுடுசட்டிய இனி ஒங்கப்பா வந்தா இறக்குவாரு?” என்று அம்மா கத்தினாள்.

“நானே ஒண்ணு அடிச்சுத் தாரேன்” என்றார் அப்பா.

அடித்தும் தந்தார். ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை. பிடித்தால் குழம்பு ஒரு பக்கம் சாயும். அம்மா முந்தானையைச் சுருட்டித்தான் சட்டியை இறக்குவாள். வாசலில் அப்பாவின் சைக்கிள் மணி கேட்டால் மட்டும், இறக்கிய சட்டியை மறுபடி அடுப்பில் ஏற்றிவிட்டு, அவசரமாக இடுக்கியைத் தேடுவாள்.