மாதா படத்தின் கீழே ஒரு மான்கொம்பு

எங்கள் குசினியில், அடுப்புப் பக்கச் சுவரில், மாதா படத்துக்குக் கீழே ஒரு மான்கொம்பு தொங்குகிறது. என் முழங்கை நீளம்கூட வராது. மெலிந்து, சாம்பல் பூத்து, ஒரு கிளையின் நுனியை ஏதோ கொறித்த அடையாளத்தோடு இருக்கிறது. ஸ்காபரோவில் இந்த அப்பார்ட்மென்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணை வேட்டைக்குப் போனவரோ?" என்று கேட்பார்கள். மீனைத் தவிர என் மனுசன் வேறொன்றையும் கொன்றதில்லை என்று சொல்ல நினைப்பேன். ஆட்களுக்கு முன்னால் எனக்கு வாய் எழும்பாது. தேத்தண்ணி போடப் போய்விடுவேன்.

அவர் மன்னாரில் கடல் தொழில் செய்தவர். இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து, வடக்கே, மரம் முளைக்காத பனி நிலத்தில், ஒரு சுரங்கத்துச் சமையலறையில் வேலை எடுத்தார். பிளேனில் போய், பல நாள் நின்று, வெங்காய மணத்தோடு திரும்பி வருவார். அங்கே சட்டி கழுவ ஒரு வயதான பெண் இருந்தாள். அந்த நிலத்தின் பூர்வீகச் சனம். இவர் அவளை "அந்த மனுசி" என்றுதான் சொல்வார். இரண்டு பேருக்கும் இங்கிலீஸ் மட்டுமட்டு. அதனால்தான் ஒருவர் சொன்னது மற்றவருக்கு விளங்கியது போலும். கரிபு மான்களைப் பற்றி அவர் அறிந்ததெல்லாம் அவள் வாயிலிருந்து வந்ததுதான்.

சிங்கில் மீன் வெட்டிக்கொண்டே எனக்குச் சொல்வார். "இஞ்சேரும், அந்த மான் கூட்டம் எப்பவும் ஒரே அளவா நிக்காது. பெருகேக்க நிலம் தெரியாமல் பெருகும். பிறகு கரைஞ்சு போகும்." கல்லில் படர்கிற ஒரு வெண்பாசிதான் அவற்றுக்குக் குளிர்காலச் சாப்பாடாம். கூட்டம் பெருத்தால் தின்றும் மிதித்தும் அதை அழித்துவிடும். அந்தப் பாசி திரும்பப் படர ஒரு பிள்ளை வளர்ந்து கலியாணம் கட்டுகிற காலம் பிடிக்கும். தாய்மான் மெலிந்தால் சினை தங்காது. தங்கினாலும் கன்று நோஞ்சானாக விழும். அதை ஓநாய் தூக்கும். ஒரு வருடம் பனிக்கு மேல் மழை பெய்து கண்ணாடியாக உறைந்தால் குளம்பால் கிண்டித் தின்ன முடியாது. கோடை சுட்டால் ஈயும் நுளம்பும் நின்று மேய விடாது. இப்படிக் கூட்டம் சிறுக்க, நிலம் இளைப்பாறும், பாசி படரும், மான் திரும்பவும் பெருகும். அந்த மனுசியின் தாய் இரண்டையும் கண்டவளாம்.

"அப்ப பயமில்லைத்தானே?" என்று கேட்டேன்.

கத்தி நின்றது. "எங்கட ஆக்களும் உப்பிடித்தான் சொன்னவை" என்றார்.

எனக்கும் நினைவிருந்தது. கடலில் மீன்பாடு குறைந்தபோது, "கடல்தானே, கூடும் குறையும்" என்று சொன்னவர்களில் இவரும் ஒருவர். எங்கள் சனம் ஒரு வருடமும் கடலைக் குறை சொல்லாது. இழுவைப் படகுகள் வந்து அடிநிலத்தைக் குஞ்சோடும் சினையோடும் வழித்துக்கொண்டு போனபோதும், அடுத்த சோளகக் காற்றுக்கு மீன் வரும் என்று கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருந்தார்கள்.

சுரங்கக்காரர் மான்கள் போகிற வழிக்குக் குறுக்கே புது றோட்டு போடப் புறப்பட்டார்கள். அந்தச் சனத்தின் வேட்டையில் ஒரு முறை உண்டாம்: முன்னுக்கு வருகிற மான்களில் கை வைக்கக் கூடாது. வழி தெரிந்தவை அவைதான். அவற்றை விட்டுவிட்டால் மற்றவை பின்னால் வரும். மண் கொட்டத் தொடங்கியதும், லொறிச் சத்தத்துக்கு முன்மான்கள் நின்று, மோந்து பார்த்துத் திரும்பியதை இவரும் அந்த மனுசியும் சமையலறை யன்னலால் பார்த்தார்கள். முழுக் கூட்டமும் திரும்பியது.

அந்தச் சனத்தைக் கூப்பிட்டுச் சுரங்கத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். இவர் தேத்தண்ணிக் கேத்திலோடு நின்றார். கழுத்தில் ரை கட்டிய சுரங்கக்காரர் ஒருவர் எழும்பி, மான் குறைவதற்கு றோட்டு காரணமில்லை, அது காலங்காலமாகக் கூடும், குறையும் என்று சிரித்துச் சொன்னார். மான் பெருகும் வரைக்கும் நீங்கள் சுடாமல் இருந்தால் நல்லது என்றும் சொன்னார். அந்த மனுசி தலை குனிந்தபடி இருந்தாளாம். அவளின் வீட்டில் குளிர்காலத்துக்கு வேறு இறைச்சி இல்லை.

இவர் கேத்திலை வைத்துவிட்டு, தன் உடைந்த இங்கிலீசில் சொன்னாராம்: "குறையும், உண்மைதான். ஆனால் விழுந்து கிடக்கேக்க மிதிச்சா எழும்பாது. நான் கடலில பாத்தனான்."

யாரோ இன்னும் தேத்தண்ணி கேட்டார்கள்.

அந்த முறை வீட்டுக்கு வந்தவரைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடவில்லை. புறப்படும்போது அந்த மனுசி கொடுத்துவிட்டதுதான் இந்தக் கொம்பு. கரிபுவில் பெண்ணுக்கும் கொம்பு உண்டு. சினைமான் அதைக் குளிர் முழுக்கச் சுமந்து, கன்று போட்ட பிறகே உதிர்க்கும். "இது கண்டு போட்ட மான்ர கொம்பு" என்று இவர் எத்தனையோ முறை எனக்குச் சொல்லியிருக்கிறார். பிறகு மிசிசாகாவில், பிளேனுக்குச் சாப்பாடு கட்டுகிற இடத்தில், சாகும் வரைக்கும் நின்ற நிலையில் வேலை செய்தார். றோட்டு ஓடுகிறது. அந்தச் சனம் இன்னும் சுடாமல் இருக்கிறது. மான் பெருகவில்லை என்று ரீவியில் சொன்னார்கள்.

போன ஞாயிறு பூசை முடிந்து மகன் விட்பியிலிருந்து வந்தான். என்னைத் தங்களோடு கூட்டிக்கொண்டு போக, சாமான் ஒதுக்க வந்தவன். படித்த பிள்ளை, தகப்பன் நின்று உழைத்துப் படிப்பித்த பிள்ளை. கொம்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, உது என்னத்துக்கு? அங்க புது வீடு. எறிவமே?" என்றான்.

நான் என் வாழ்நாளில் அவனுக்கு இவ்வளவு கதைத்ததில்லை. மான், றோட்டு, அந்த மனுசி, அப்பா சொன்னது எல்லாம் சொன்னேன். போனைப் பார்த்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டான்.

"அதெல்லாம் நேச்சர் அம்மா. கூடும், குறையும்."

அவன் கையிலிருந்து கொம்பை வாங்கினேன். மாதா படத்துக்குக் கீழே, அதே ஆணியில் திரும்ப மாட்டினேன். "நான் வரேல்லை" என்றேன்.