மீசை எந்தப் பக்கம்

மருந்துக்கடையில் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கும் அந்த அம்மாளுக்கு, இணைய ஓவியக் குழுவில் பெயரே ‘மாத்திரை’. அந்தப் பெயரைச் சொன்னால்தான் இப்போதெல்லாம் மனைவியின் முகம் மலர்கிறது என்று கணவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.

எல்லாம் மகள் வெளியூருக்குப் படிக்கப் போனபோது விட்டுச்சென்ற பழைய தொடுதிரை டேப்பால் வந்தது. சும்மா கிடக்கிறதே என்று எடுத்த அம்மாள், படம் வரையச் சொல்லித்தரும் இலவச வீடியோ ஒன்றைப் பார்த்தார். பிறகு அடுத்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

முதன்முதலில் மகளின் முகத்தை வரைந்து குழுவில் போட்டார். பூனைப் படத்தைத் தன் அடையாளமாக வைத்திருந்த யாரோ ஒருவர், “முகம் நல்லா இருக்கு. காது மட்டும் தனியா ஊருக்குக் கிளம்பிடுச்சு” என்று எழுதினார். மாத்திரைக்கு மூக்குக்கு மேல் கோபம். டேப்பை மூடிவைத்துவிட்டார். மறுநாள் மனசு கேட்காமல் திறந்தால், அதே பூனைக்காரர் அந்தப் படத்தின் மேலேயே சிவப்புக் கோடு போட்டு, காது எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று பொறுமையாகக் காட்டியிருந்தார். முகம் தெரியாத ஆள், காசு வாங்காத வாத்தியார்! அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்களின் காதையே மாத்திரை உற்றுப் பார்க்க, இருமல் மருந்துக்கு வந்த ஒருவர் பயந்துபோய்க் காதுக்கும் சொட்டு மருந்து வாங்கிப் போனார்.

குழுவில் மேல்வகுப்பு ஒன்று உண்டு. புத்தகங்களுக்குப் படம் போடுகிறவர்களே வந்து திருத்தம் சொல்வார்கள். அதில் சேர, வீட்டில் ஒருவரை எதிரே உட்காரவைத்து வரைய வேண்டும். வரையப்பட்டவர் “சரி, போடலாம்” என்று தன் வாயால் சொல்லிப் பதிவுசெய்து அனுப்ப வேண்டும். சம்மதமில்லாமல் யார் முகத்தையும் போடக் கூடாது என்பது குழுவின் சட்டம். மாத்திரைக்கு அந்த வகுப்பின் மேல் உயிர். வேறு எதற்கும் அவர் இப்படி ஆசைப்பட்டதில்லை.

வீட்டில் இருந்தது கணவர் மட்டும்தான். முடிதிருத்தும் கடைக்காரர். ஊரார் தலையையெல்லாம் அசையாதே என்று பிடித்து நிறுத்துகிறவருக்குத் தன் தலையை அசைக்காமல் வைத்திருக்கத் தெரியவில்லை. ஒருவழியாகப் படம் முடிந்தது.

“யாரும்மா இது?”

“நீங்கதான்.”

“என் மீசை எந்தப் பக்கம் தூக்கும்னு எனக்குத் தெரியாதா? தினம் நானே வெட்டுறேன். இது எங்க சித்தப்பா மகன் மாதிரி இருக்கு. இதுக்குப் போய் சரின்னு சொல்லச் சொல்றியா?”

வீடியோ அழைப்பில் படத்தைப் பார்த்த மகள், “அச்சு அசல் அப்பா!” என்றாள்.

“நீயும் உங்கம்மாவும் கூட்டு” என்று எழுந்து போய்விட்டார்.

மாத்திரைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குழுவில் புலம்பினார். “முதல் பாடத்தை மறந்துட்டீங்களா?” என்று கேட்டார் பூனைக்காரர். “படத்தை இடம் வலமா மாத்திப் பாருங்க. தப்பு இருந்தா அப்பத் தெரியும்.”

மாத்திரை அதற்கான பொத்தானை அழுத்தினார். தலை துவட்டிக்கொண்டே அந்தப் பக்கமாக வந்த கணவர் அப்படியே நின்றார்.

“ஆங்! இப்பத்தான் ஒழுங்கா வரைஞ்சிருக்க. இதுதான் நான். போடலாம், நல்லாப் போடலாம்!”

மாத்திரைக்குப் பளிச்சென்று விளங்கியது. பேசாமல் இதையே அனுப்பிவிடலாம். கையும் அனுப்பப் போனது. ஆனால் மனசு ஒப்பவில்லை.

“ஏங்க, இது உங்க கடைக் கண்ணாடிக்குள்ள இருக்கிறவர். நீங்க தினம் பாக்குறது இவரைத்தான். எதிர்ல உக்காந்து நான் பாக்குறவர் வேற.” படத்தைப் பழையபடி மாற்றிக் காட்டினார்.

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“கல்யாணத்துலேர்ந்து இந்த ஆளைத்தான் பாத்துக்கிட்டு இருக்கியா?”

“ஆமா.”

“மூஞ்சி கொஞ்சம் கோணலா இருக்கே.”

“கோணல்தான்” என்றார் மாத்திரை. “எனக்குப் பிடிச்சிருக்கு.”

அவர் மீசையை ஒருமுறை தடவிவிட்டு, “எங்க பேசணும், சொல்லு” என்று டேப்பின் பக்கம் நகர்ந்தார்.

“சரி, போடலாம். இது நானில்ல, அவளோட ஆளு.”