இன்னொரு செட் புத்தகம்

ஆறாம் வகுப்பு என்று யாராவது சொன்னாலே அந்தக் கோடை விடுமுறை முழுக்க எனக்கு வயிற்றைக் கலக்கியது. மாங்காய் அதிகம் தின்றதுதான் காரணம் என்று அம்மா ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். மாங்காய் பாவம், அது ஒரு தப்பும் செய்யவில்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு சரி. இரண்டு அறை, இரண்டு டீச்சர், மணிக்குப் பதிலாகத் தொங்கிய ஒரு தண்டவாளத் துண்டு. அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் பஸ் ஏறிப் புதுப்பட்டினம் பக்கம் பெரிய பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே பாடத்துக்கு ஒரு வாத்தியார் வருவாராம். மாடி உண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக இங்கிலீஷ் உண்டாம்.

இந்தச் செய்தியெல்லாம் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அக்கா என்றால் பெரியப்பா மகள். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் ஒரே சுவர்தான். என்னைவிட ஒரு வகுப்பு மேலே. எங்கள் தெருவில் அந்தப் பள்ளிக்குப் பஸ் ஏறிப் போன ஒரே பெண் அவள்தான் என்பதால், கடல் தாண்டிப் போய் வந்தவளைப் போல அவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"கணக்கு சாரு காத புடிச்சி திருவுனார்னா ரெண்டு நாளைக்கு எரியும்" என்பாள். "மொத பெஞ்சுலயும் குந்தாத, கடைசி பெஞ்சுலயும் குந்தாத. நடுவுல குந்திக்க. நான் கீறேன் இல்ல, இன்னாத்துக்கு பயப்படற."

அவள் இருக்கிறாள் என்பதுதான் எனக்கு இருந்த ஒரே தைரியம். அதோடு அவளுடைய புத்தகங்களும் எனக்குத்தான் வரப்போகின்றன.

எங்கள் பக்கத்தில் அப்போது, தொண்ணூறுகளின் நடுவில், அதுதான் வழக்கம். மேல் வகுப்புக்குப் போகிற பிள்ளை தன் பழைய புத்தகங்களை அடுத்து வருகிற பிள்ளைக்குக் கொடுத்துவிட வேண்டும். பள்ளியில் இலவசப் புத்தகம் உண்டுதான். ஆனால் அது மதியச் சாப்பாட்டுக்குப் பெயர் கொடுத்தவர்களுக்கு மட்டும். எங்கள் வீடுகளில் டிபன் பாக்ஸ் தூக்கிக்கொண்டு போவது ஒரு கௌரவம். கௌரவத்துக்காகப் பிள்ளைகள் ஆறிப்போன சோற்றைத் தின்றோம், பழைய புத்தகத்தில் படித்தோம்.

புத்தகம் கைமாறுவது ஒரு சின்ன விசேஷம் போல நடக்கும். பரீட்சை முடிந்து பாஸ் என்று தெரிந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை பார்த்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துக் கொடுப்பார்கள். பாஸா ஃபெயிலா என்பது தபால் கார்டில் வரும். பரீட்சையின்போதே ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கார்டு வாங்கி, தன் வீட்டு விலாசத்தைத் தானே எழுதிப் பள்ளியில் கொடுத்துவிட வேண்டும். மே மாதத்தில் அதில் முடிவை எழுதி அனுப்புவார்கள். அக்காவுக்கு அந்த வருஷம் கார்டு வரவில்லை. எங்கள் ஊருக்குத் தபால் வராமல் போவது அதிசயம் ஒன்றும் இல்லை, கல்யாணப் பத்திரிகையே கல்யாணம் முடிந்த பிறகு வந்திருக்கிறது. அதனால் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அக்காவே குளித்துத் தலைசீவி, புத்தகங்களை அடுக்கி எடுத்துவந்து என் கையில் கொடுத்துவிட்டாள். புத்தகத்தைக் கொடுத்தாகிவிட்டது என்றால் பாஸ்தான், அதற்கு மேல் கார்டு எதற்கு. அடுத்த நடைக்குச் செங்கல்பட்டுக்கு லாரி ஓட்டிக்கொண்டு போன பெரியப்பா, அவளுக்கு ஏழாம் வகுப்புப் புத்தகங்களைப் புத்தம் புதிதாக வாங்கிக்கொண்டு வந்தார்.

பள்ளி திறந்த அன்று காலையில் எனக்கு இட்லி இறங்கவில்லை. நெற்றியில் விபூதி, தலையில் வழிய வழிய எண்ணெய், கணுக்காலைத் தொடும் நீலப் பாவாடை. அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும் என்று தைத்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்குக் கூட்டிப்போனாள். அணுமின் நிலையத்து ஊழியர்களை ஏற்றிய பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நான் முதல் பஸ்ஸுக்கே கையைக் காட்டினேன்.

"அது ஆபீஸ் பஸ்ஸுடி. நமக்கெல்லாம் நிக்காது. கைய எறக்கு" என்றாள்.

வழக்கமாக இதற்கு ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பாள். அன்று சிரிக்கவில்லை. பஸ்ஸிலும் என் கையை விடவில்லை. அவள் உள்ளங்கை வேர்த்து என் கையெல்லாம் ஈரமாக இருந்தது. எல்லாம் தெரிந்தவளுக்கே இப்படி வேர்க்கிறது என்றால் என் கதி என்ன என்று எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

பிரேயர் மைதானத்தில் என்னை ஆறாவது வரிசையின் முன்னால் நிறுத்திவிட்டு அவள் பின்பக்கமாகப் போனாள். ஏழாவது வரிசைக்குப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வகுப்பில் அவள் சொன்னபடியே நடு பெஞ்சில் உட்கார்ந்தேன். வகுப்பாசிரியராக வந்தவர் சாட்சாத் அந்தக் கணக்கு சார்தான். நான் தலைமுடியை இழுத்து இரண்டு காதுகளையும் மறைத்துக்கொண்டேன். அவர் பெயர்களை வாசித்தார். என் பெயருக்கு எழுந்தேன். விடுமுறை முழுக்கப் பழகிவைத்திருந்த "எஸ் சார்" வெறும் காற்றாக வந்தது. நாற்பது பெயருக்கு மேல் வாசித்துவிட்டு, "இனிமே பழைய ஆளுங்க" என்று பக்கத்தைத் திருப்பினார். மூன்றாவதாக அக்காவின் பெயரை வாசித்தார்.

"எஸ் சார்" என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

திரும்பிப் பார்த்தேன். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் என்னை இழுத்துப்போனாள். "வூட்ல சொல்லாத. சாமி சத்தியமா சொல்லாத."

"நீ ஃபெயிலா அக்கா?"

"கணக்குல போச்சு. பரீட்ச எழுதறப்பவே தெரிஞ்சிடுச்சு, அதான் கார்டுல வேற ஊரு பேர எழுதிக் குடுத்துட்டேன். காலாண்டுல நல்ல மார்க் எடுத்துட்டு நானே நைனாவாண்ட சொல்லிக்கிறேன். மார்க்க காட்டினே சொன்னா ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"சொன்னா அடிப்பாரா?"

"அடிச்சா கூட பரவால்லடி" என்றாள்.

முந்தின வருஷம்தான் பெரியம்மாவுக்கு ஆண் குழந்தை, அக்காவுக்கு ஒரு தம்பி, பிறந்திருந்தான். அக்கா மாசக்கணக்கில் பள்ளிக்கே போகாமல் வீட்டில் சோறாக்கிக்கொண்டு, துணி அலசிக்கொண்டு இருந்தாள். அதற்கும் கணக்கில் போனதற்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஃபெயில் என்றால் மக்கு, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கு வழிகாட்டியாக வந்தவள் மக்கு என்று தெரிந்ததும், அவள் சொன்ன நடு பெஞ்சு சரியான இடம்தானா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

நான் பயந்ததற்கு நேர் மாறாக எனக்குப் படிப்பு நன்றாகப் போனது. காரணம் என் மூளை இல்லை. அக்கா போன வருஷம் புத்தகம் முழுக்கப் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். இங்கிலீஷ் வார்த்தைக்கு மேலே அர்த்தம், கணக்குக்குப் பக்கத்தில் விடை. சார் கேட்டால் டக்கென்று எழுந்து சொல்லிவிடுவேன். "உக்காரு, கெட்டிக்காரி" என்பார். அதே நேரத்தில் புத்தகம் இல்லாதவர்கள் எழுந்து நிற்க வேண்டும். முதல் வாரம் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அடுத்த வாரம் மூன்று பேர். அதற்கடுத்த வாரம் அக்கா மட்டும் நின்றாள். அவள் பையில் இருந்ததெல்லாம் ஏழாம் வகுப்புப் புத்தகங்கள். அவற்றை வெளியே எடுக்கவும் முடியாது, வீட்டில் வைத்துவிட்டு வரவும் முடியாது. அவள் எழுதி வைத்த பதிலை நான் சொல்லிப் பாராட்டு வாங்க, அவள் பின்னால் நின்றுகொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். எனக்குக் கழுத்துக்குப் பின்னால் சுடும்.

"பாதி புக்க நீ வெச்சிக்கயேன்" என்று ஒருநாள் கேட்டேன்.

"வாணாம். உங்கப்பா சாயங்காலம் பைய பாப்பாரு. எங்க புக்குன்னு கேட்டா நீ உளறிடுவ."

நியாயமான பேச்சு. நான் உளறாமல் இருந்ததே பெரிய விஷயம். வீட்டில் யாராவது "அக்கா எப்படிப் படிக்கிறா" என்று கேட்டாலே சோற்றை அவசரமாக அள்ளி வாயில் வைத்துக்கொள்வேன். பெரியம்மா சுவருக்கு அந்தப் பக்கம் குரலை உயர்த்தினால் போதும், மாட்டிக்கொண்டோம் என்று கொல்லைப்பக்கம் ஓடிவிடுவேன். அந்த மூன்று வாரத்தில் நான் இளைத்துப்போனதாக அம்மா சொன்னாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சார் பொறுமை இழந்துவிட்டார். அக்காவைப் பார்த்து, "திங்கக்கெழம புக்கோட வரணும். இல்லனா அப்பாவோட வரணும்" என்றார். பஸ்ஸில் வரும்போது அக்கா சத்தமில்லாமல் அழுதாள். அவள் அழுது நான் அதுவரை பார்த்ததே இல்லை. எப்படியாவது திங்கட்கிழமைக்குள் அவளுக்குப் புத்தகம் கிடைக்க வேண்டும் என்று ஆகிவிட்டது எனக்கு. சனிக்கிழமை முழுக்க யோசித்தேன். அவள் ஃபெயில் என்று சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம். புத்தகம் கேட்க மாட்டேன் என்று சத்தியம் செய்யவில்லையே. இந்த ஓட்டையைக் கண்டுபிடித்ததும் எனக்கு என் மேலேயே பெருமை தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியப்பா லாரியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். என்னைப் பார்த்தால் பாக்கெட்டில் கைவிட்டு ஏதாவது மிட்டாய் எடுத்துக் கொடுக்காமல் இருக்க மாட்டார்.

"இன்னா கண்ணு, இஸ்கோலு எப்டி கீது?" என்றார்.

"நல்லா கீது பெரியப்பா. செங்கல்பட்டு போனா ஆறாவது புக்கு இன்னொரு செட்டு வாங்கினு வர்றீங்களா?"

"ஏன், உன்னாண்ட கீறது கிழிஞ்சி பூட்டுதா?"

"எனக்கில்ல. அக்காவுக்கு."

துணியைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. பிறகு துணியைப் பிழிந்து பக்கத்தில் போட்டுவிட்டு அக்காவைக் கூப்பிட்டார். அவள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"நீ எத்தினாவதுல குந்திக்கினு கீற?"

அக்கா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் இன்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஆறாவது" என்றாள்.

"சரி. உள்ள போ" என்றார் பெரியப்பா. அவ்வளவுதான். கை ஓங்கவில்லை, கத்தவில்லை. மறுபடி துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அக்கா வீணாக இத்தனை நாள் நடுங்கியிருக்கிறாள், முதலிலேயே என்னிடம் விட்டிருந்தால் இந்தப் பாடு தேவையில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் பையை மாட்டிக்கொண்டு அவர்கள் வாசலில் போய் நின்றேன். அக்கா பழைய பாவாடையில் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"நீ போ. பஸ்ஸு பூடும்" என்றாள்.

"நீ வர்ல?"

"வர்ல."

தனியாக ரோடு தாண்டி, தனியாகப் பஸ் ஏறிப் போனேன். வழியெல்லாம் பயம், பிறகு வகுப்பில் அது தீர்ந்தது. புத்தகம் இல்லாதவர்கள் எழுந்திருங்கள் என்று சார் சொன்னபோது யாரும் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் பெரியம்மா அக்காவின் ஏழாம் வகுப்புப் புத்தகங்களைத் துணியில் கட்டி எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தாள். "அடுத்த வருசம் இவளுக்கு ஆவும்" என்று அம்மாவிடம் சொன்னாள். எனக்கு அதுவரை புதுப் புத்தகம் என்று ஒன்று கிடைத்ததே இல்லை. முடிச்சை அவிழ்த்து ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தேன்.

அக்கா தினமும் சாயங்காலம் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் வரும் வழியில் நிற்பாள். என் மேல் அவளுக்குக் கோபம் இல்லை என்று எனக்கு நிம்மதி. அவள் கேட்பதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: "இன்னிக்கி இன்னா நடத்துனாங்க?"

கணக்கில் பின்னம் என்பேன், அறிவியலில் இலை என்பேன். எந்தப் பக்கம், எத்தனையாவது கணக்கு, கரும்பலகையில் யார் போட்டது என்று விடாமல் கேட்பாள். காது திருகல் இல்லை, நிற்க வைப்பது இல்லை, ஜாலியாக வீட்டில் இருக்கிறாள், இவளுக்கு எதற்குப் பள்ளிக்கூடத்துப் பேச்சு என்று எனக்கு எரிச்சலாக வரும். ஒருநாள் தெருப் பிள்ளைகள் பாண்டி ஆட்டத்துக்குக் கட்டம் போட்டுவிட்டு எனக்காகக் காத்திருந்தார்கள். அக்கா வழியை மறித்து அதே கேள்வியைக் கேட்டாள்.

"எல்லாம் நீ போன வருசமே படிச்சதுதான் அக்கா. உனக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

மறுநாள் அவள் வழியில் நிற்கவில்லை. அப்பாடா என்றிருந்தது எனக்கு.