காப்பு நாளில் வறுத்த பயறு

யாழ்ப்பாணத்தில் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்கவும் எனக்கு வாய் வராது. அப்படிப்பட்டவள் எழுத வந்தது பிழையென்று தோன்றினால் வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இதில் வருகிற மனிதர்களிடம் நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அவர்களும் என்னிடம் கேட்டதில்லை.

என் கணவர் திருவொற்றியூர்க் கடற்கரைக் குப்பம் ஒன்றில் பிறந்தவர். வலைக்குப் போகாமல் பள்ளிக்கூடம் போனவர். இளம் வயதிலேயே யாழ்ப்பாணம் வந்து எங்கள் தெருவிலிருந்த சுருட்டுக் கொட்டிலில் வேலைக்குச் சேர்ந்தார். எங்கள் கல்யாணம் அங்கேதான் நடந்தது. சுதந்திரம் வந்த கொஞ்ச நாளில், இந்தியாவிலிருந்து வந்தவர்கள் இலங்கையில் இருக்க வேண்டுமானால் காகிதம் காட்ட வேண்டும் என்றார்கள். அதற்காக அரசாங்கக் கச்சேரிப் படிகளில் ஏறி இறங்கிச் சலித்துப்போய், ஊருக்கே போய்விடலாம் என்றார் அவர். ஒரு ஆவணி மாதம் தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் ரயிலேறி வந்து சேர்ந்தோம். அவருக்கு அது ஊர். எனக்கு அது வெளிநாடு. தமிழ் பேசுகிற இடம் என்பதால் நான் அப்படிச் சொல்வதை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த வீட்டில் என் நாத்தனார் இருந்தாள். என் கணவருக்கு மூத்தவள், விதவை, கருவாடு விற்பவள். தாய் தகப்பன் போன பிறகு தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அந்தத் தம்பி கடல் கடந்து போனதையே அவள் மன்னிக்கவில்லை. திரும்பி வரும்போது என்னையும் கூட்டி வந்ததை எப்படி மன்னிப்பாள்? என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தெருவில் யாரிடமாவது பேசும்போது நான் சிலோன்காரி. நான் ஆமாம் என்பதற்கு "ஓம்" என்று சொன்னால், கோயிலில் அர்ச்சனை நடக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சிரிப்பாள். குழம்புக்குத் தேங்காய்ப்பால் விட்டேன் என்று ஒரு நாள் சட்டியையே தெருவுக்கு எடுத்துப்போய் நாலு பெண்களுக்குக் காட்டினாள்.

"கொழம்பா வெக்கிறா இவ? பாயசத்துல மீனைப் போட்டுக் கொதிக்க வெக்கிறா. எந்தம்பி வாயி அங்கியே செத்துப்பூட்ச்சி."

அன்றோடு நான் அவளோடு பேச்சை நிறுத்தினேன். அவளும் நிறுத்தினாள். சமையலறையில் இரண்டு அடுப்பு பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவள் ஒன்றில் சமைப்பாள், நான் ஒன்றில் சமைப்பேன். உப்புச் சாடி நகர வேண்டுமென்றாலும் என் கணவர் வீட்டுக்கு வந்த பிறகு அவர் மூலமாகத்தான் நகரும்.

பங்குனியில் அவளுக்கு அம்மை கண்டது. கண் இரண்டும் மூடிப்போய்ப் பதினைந்து நாளுக்கு மேல் கிடந்தாள். வேப்பிலை மாற்றியதும் இளநீர் வாயில் விட்டதும் நான்தான். அதைப் பிறகு ஒருநாளும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. கண் பிழைத்தால், வருகிற ஆடியில் அம்மன் கோயில் கூழ் வார்ப்புக்கு முதல் குடத்தைத் தன் தலையில் சுமப்பதாக அவள் வேண்டிக்கொண்டாள். கண் பிழைத்தது. குப்பத்துப் பஞ்சாயத்தாரும் ஒப்புக்கொண்டார்கள். அன்றிலிருந்து அவளுக்குப் பேச்செல்லாம் அந்தக் குடம்தான். கேழ்வரகைத் தானே புடைத்தாள். குடத்தைப் புதிதாக வாங்கி மஞ்சள் துணி சுற்றி உறியில் வைத்தாள். முதல் குடத்தைத் தனக்குக் கேட்டு ஏமாந்த அடுத்த வீட்டுக்காரி தினம் ஒரு தடவை வந்து அந்த உறியை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவாள்.

ஆடி என்றால் எனக்கு வேறு நினைப்பு. எங்கள் ஊரில் ஆடி முதல் நாள் ஆடிப்பிறப்பு. அன்று வீட்டுக்கு வீடு கூழ் காய்ச்சுவார்கள். பச்சரிசியை ஊறவைத்து இடித்த மா, வறுத்துத் தோல் நீக்கிய பயறு, தேங்காய்ப்பால், பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய், பனங்கட்டி, கடைசியில் கொஞ்சம் மிளகும் சீரகமும். பலாவிலையைக் கூம்பாகக் கோலி ஈர்க்கு குத்தி, அதில் வார்த்துக் குடிப்போம். தீபாவளியைப் பற்றி எனக்கு அவ்வளவு ஆசை கிடையாது. ஆடிப்பிறப்புக்கு முதல்நாள் மட்டும் சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிடுவேன்.

அந்த ஆனி மாதக் கடைசியில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வைத்தியத்துக்காக மெட்ராஸ் வந்தார். அம்மா கொடுத்தனுப்பியது என்று ஓலையில் பின்னிய சின்னக் குட்டான்களில் பனங்கட்டி கொண்டுவந்து கொடுத்தார். பத்துக் குட்டான். அதை முகர்ந்து பார்த்த இடத்திலேயே, இந்த வருஷம் கூழ் காய்ச்சாமல் விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். கணவரிடம் சொன்னேன். "செய்யேன். ஆடி மாசத்துல கூழ் காய்ச்சினா இந்தக் குப்பத்துல யார் கேட்கப் போறாங்க" என்றார்.

அந்த வருஷம் ஆடி சனிக்கிழமை பிறந்தது. வெள்ளிக்கிழமை மாலையே கோயிலில் காப்புக் கட்டி, தெருவின் இரண்டு முனையிலும் வேப்பிலைத் தோரணம் கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை கூழ் வார்ப்பு. இடையில் குப்பத்துக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. நாத்தனார் அதைத் தன் தம்பியிடம் சொல்லியனுப்பினாள். தாளிக்கக் கூடாது, பொரிக்கக் கூடாது, வறுக்கக் கூடாது, வெறும் சட்டி அடுப்பில் ஏறவே கூடாது, அம்மன் சூடு தாங்கமாட்டாள். அவர் உள்ளே வந்து என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "நாளைக்கு எண்ணெய் காய வெக்காதே."

அவள் சொன்னது முழுவதும் என்னவென்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் ஆயுளில் அடுப்படியில் நின்றவர் இல்லை. அவருக்குத் தாளிப்பும் பொரியலும் வறுவலும் ஒன்று. மூன்றையும் எண்ணெய் என்று சுருக்கிவிட்டார். நாத்தனாருக்கு அம்மை கண்டபோதும் நான் எண்ணெய் தொடாமல்தான் கஞ்சி வைத்தேன். அதனால் எனக்கும் விளங்கிவிட்டது என்று இருந்துவிட்டேன். பயறு வறுக்க எண்ணெய் வேண்டாம்.

சனிக்கிழமை கணவர் காலையிலேயே துறைமுகத்துக்குப் போய்விட்டார். அங்கே அவர் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைக் கணக்குப் பார்க்கிற வேலை. நாத்தனார் கோயிலில் மற்றப் பெண்களோடு கேழ்வரகு மாவு கரைக்கப் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும். மத்தியானத்துக்கு மேல் அடுப்பை மூட்டி, சட்டியைக் காயவைத்து, பயறைப் போட்டு வறுத்தேன். பயறு சிவந்து வரும்போது வருகிற வாசனைக்குக் கண்ணை மூடிக்கொண்டால் எங்கள் ஊர்க் கொழும்புத்துறைக் கடற்காற்றுக்கும் திருவொற்றியூர்க் கடற்காற்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஜன்னல் திறந்திருந்ததை நான் யோசிக்கவில்லை. குப்பம் முழுதும் வேகவைத்ததை மட்டும் தின்று கிடக்கிற ஒரு நாளில் அந்த வாசனை எவ்வளவு தூரம் போகும் என்றும் யோசிக்கவில்லை.

அடுத்த வீட்டுக்காரிதான் முதலில் வந்தாள். வாசலில் நின்றபடி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாமே, வறுக்கிறியா?"

"ஓம் அக்கா, பயறு. கொஞ்சம் இருங்கோ, கூழ் காய்ச்சித் தாறன்."

அந்தக் குப்பத்தில் என்னைத் தேடி ஒருத்தி வந்து நின்றது அதுதான் முதல் தடவை. வாசனைக்கு ஆசைப்பட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்துப் பலகையை எடுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை. சட்டியைப் பார்த்தாள், உறியில் இருந்த குடத்தைப் பார்த்தாள், சிரித்தாள். கோயில் பக்கம் வேகமாகப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் நாத்தனார் ஓடிவந்தாள். கையெல்லாம் மாவு. அடுப்பில் ஒரு செம்புத் தண்ணீரைக் கொட்டினாள். அடுக்களை முழுதும் சாம்பல் எழும்பியது. அடிப்பாள் என்று சுவரோரம் ஒதுங்கினேன். அடிக்கவில்லை. பல மாதம் கழித்து என்னோடு நேராகப் பேசினாள்.

"பங்குனிலேர்ந்து நாளு எண்ணிக்கினு கீறேன்டி. ஒரு நாளு. ஒரே ஒரு நாளு உன் வாயைக் கட்டிக்கினு கெடந்திருக்கக் கூடாதா?"

எனக்குத் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் கஸ்மாலம், கலீஜ், கப்பலேறி வந்த பீடை என்று ஆரம்பித்துவிட்டாள். தெரியாது என்கிற சொல்லை நான் விழுங்கிக்கொண்டேன். அவளிடம் அதைச் சொல்வதைவிடத் தெரிந்தே செய்தேன் என்று அவள் நினைப்பது மேல் என்று தோன்றியது.

பஞ்சாயத்தார் நாலு பேர் வந்து வாசலில் நின்றார்கள். உள்ளே வரவில்லை. அவர்களுக்குப் பின்னால் அரைத் தெரு நின்றது. அவர்களில் மூத்தவர் சத்தம் போடாமல்தான் பேசினார். காப்புக் கட்டிய பிறகு வறுவல் போட்ட வீட்டிலிருந்து முதல் குடம் எடுக்க முடியாது, அது அடுத்தபடியாகக் கேட்டிருந்த அடுத்த வீட்டுக்காரிக்குப் போகும் என்றார். அடுப்பு இரண்டு என்று நாத்தனார் காட்டினாள். அதற்கு அவர் சொன்னார்:

"அடுப்பு எத்தினி இருந்தா இன்னாம்மா, வாசல் ஒண்ணுன்னா வூடு ஒண்ணு. பிரிஞ்சிட்டோம்னு எங்க முன்னால வாயால சொல்லிட்டீன்னா வேற. உன் குடம் உன்னுது, அவ பாவம் அவளுது. ஆனா சொன்னா சொன்னதுதான். நாளைக்கி உன் தம்பி இந்த வாசல்ல கால் வெக்க முடியாது. நல்லது கெட்டதுக்கு ஒரு வாய் தண்ணி கூட கெடையாது. ரோசிச்சிச் சொல்லு."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். வாயைத் திறந்தாள். மூடினாள். என்னைத் திட்டுவதற்கு ஒருநாளும் சொல் தேடாதவள், அந்த ஒரு சொல்லுக்கு நின்றாள். உறியைப் பார்ப்பதும் தம்பியின் சட்டை தொங்கிய ஆணியைப் பார்ப்பதுமாக நின்றாள்.

அடுத்த வீட்டுக்காரி பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். "இன்னாக்கா முழுங்கிக்கினு நிக்கிறே? நீ சிலோன்காரி காச்சுற கூழைக் குட்ச்சிக்கினு வூட்லியே குந்து. மொத குடம் நான் தூக்கிக்கினு போறேன்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். நாத்தனாருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. அப்போதும் அவள் சொல்லவில்லை.

நான் சொன்னேன்.

"நாங்கள் பிரிஞ்சிட்டம். என்ர அடுப்பு வேற, இவவின்ர அடுப்பு வேற. எனக்கும் இந்த வீட்டுக்கும் ஒண்டுமில்லை."

என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. பின்னாளில் சிலர் இதைக் கேள்விப்பட்டு, நாத்தனாருக்காக விட்டுக்கொடுத்தேன் என்று என்னைப் பெரிய மனுஷியாக்கினார்கள். அது சரியில்லை. அவள் குடம் கோயிலுக்குப் போகட்டும் என்ற நினைப்பு இருந்தது உண்மை. பதினைந்து நாள் அந்தக் கண்ணுக்கு வேப்பிலை வைத்தவள் நான். ஆனால் அதைவிட, அவளால் சொல்ல முடியாததை என்னால் சொல்ல முடிந்தது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. பதினொரு மாதத்தில் அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் அது ஒன்றுதான்.

மூத்தவர் நாத்தனாரிடம், இவள் சொல்வது உண்மையா என்று கேட்டார். அவள் தலையை அசைத்தாள். போதும் என்று அவர்கள் போய்விட்டார்கள். கூட்டமும் கலைந்தது. அவள் உறியிலிருந்து குடத்தை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என்னருகே வந்தாள்.

"இதுக்குத்தானே வந்தே" என்றாள். திட்டுகிற குரலில் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவள் கோயிலுக்குப் போன பிறகு நனைந்த விறகைத் தள்ளிவிட்டுப் புதிதாக அடுப்பு மூட்டினேன். பயறு ஏற்கெனவே வறுபட்டிருந்தது. மிச்சமெல்லாம் கொதிக்கிற வேலைதான். பலாவிலைக்கு எங்கே போவது? எனாமல் கோப்பையில் வார்த்துக் குடித்தேன். கூழ் நன்றாக வந்திருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, யாரோடோ சண்டை போடுகிற மாதிரி நாலு கோப்பை குடித்தேன். நாலாவதில் ருசி தெரியவில்லை.

கணவர் ஆறு மணிக்கு வந்தார். தெருவிலேயே எல்லாம் சொல்லிவிட்டிருந்தார்கள். ஒரு கோப்பையை எடுத்து நீட்டினேன். பன்னிரண்டு ஆடிப்பிறப்புக்கு எங்கள் வீட்டு முற்றத்தில் இலை வழிய வாங்கிக் குடித்தவர் அதைத் தொடவில்லை. எண்ணெய் வேண்டாம் என்று சொன்னேனே என்றார். எண்ணெய் விடவில்லை என்றேன். அப்போதுதான் அக்கா சொல்லியனுப்பியது முழுவதையும் அவர் வாயால் கேட்டேன். சொல்லி முடித்ததும் அவருக்கே உறைத்திருக்க வேண்டும்.

"பிரிஞ்சிட்டோம்னு சொல்றதுக்கு முன்னால என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். "அது என் அக்கா."

"வறுக்கக் கூடாது எண்டதையும் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றேன்.

அவர் ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முதல் குடம் நாத்தனார் தலையில் போனது. தம்பி தூக்கி வைக்க வேண்டிய குடத்தைப் பஞ்சாயத்தார் ஒருவர் தூக்கி வைத்தார். என் கணவர் டோல்கேட் பக்கம் வாடகைக்கு இடம் பார்க்கப் போயிருந்தார். மீதிக் கூழ் புளித்துவிட்டது. கொட்டிவிட்டுச் சட்டியைக் கழுவினேன்.