கடைசியில கூப்பிடு

இது நடந்தது. கட்டுக்கதை என்பவர்கள் எங்கள் மாநில செனட்டின் 1874, மார்ச் 5-ஆம் தேதிக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்க்கலாம். கடைசி வரியில் எழுத்து நடுங்கியிருக்கும். எழுதியவன் நான். வெளியே சொன்னால் ஓர் உயிர் போயிருக்கும் என்பதால் இத்தனை வருடம் வாயைத் திறக்கவில்லை.

நான் செனட்டில் பெயர் வாசிக்கும் குமாஸ்தா. முப்பத்து மூன்று உறுப்பினர்கள். பெயரைக் கேட்டதும் "ஆம்" அல்லது "இல்லை" சொல்ல வேண்டும். எராஸ்டஸ் டன்வெல் மட்டும் சொல்ல மாட்டார்.

"கடைசியில கூப்பிடு" என்பார்.

எந்தப் பக்கம் ஜெயிக்கிறது என்று தெரிந்த பிறகு அந்தப் பக்கம் வாக்களிப்பார். இருபத்தெட்டு வருடம், மூன்று கட்சி, ஒரு தோல்வி கிடையாது. கால்வாய் வெட்டியபோது கால்வாயின் தந்தை. ரயில் வந்ததும் ரயிலின் தந்தை. அடிமை முறையை எதிர்த்த மாவீரரும்கூட... உள்நாட்டுப் போர் முடிந்த மறுவாரத்திலிருந்து.

அன்று வாக்கெடுப்புக்கு வந்தது தூக்குத் தண்டனையை ஒழிக்கும் மசோதா. மறுநாள் காலை தூக்கில் தொங்க வேண்டியவன் ஏமஸ், என் தங்கையின் கணவன். கூட்டத்தொடர் பகல் பன்னிரண்டுக்கு முடிகிறது. அதற்குள் மசோதா நிறைவேறாவிட்டால் அவ்வளவுதான். டன்வெல் "ஆம்" சொல்வதாக எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். எதிர்த்தரப்புக்கும் கொடுத்திருந்தார்.

ஆளைக் காணோம்.

11.58. வாயிற்காவலர் பார்னபஸ் ஏணியில் ஏறிச் சுவர்க் கடிகாரத்தின் பெண்டுலத்தைப் பிடித்து நிறுத்தினார். இது எங்கள் சபை வழக்கம். முள் நகராதவரை பன்னிரண்டு ஆகாது.

"அப்படியே சூரியனையும் நிறுத்திடட்டுமா, லெமுவேல்?" என்று என்னிடம் கேட்டார்.

"சும்மா இரும், ஐயா. நான் பெயர் வாசிக்கணும்."

இனி நான் சொல்லும் நேரமெல்லாம் என் சட்டைப்பைக் கடிகாரத்தின் நேரம்.

12.05. வாசிக்கத் தொடங்கினேன்.

12.09. "செனட்டர் டன்வெல்." பதில் இல்லை. அடுத்த பெயருக்கு வாயெடுத்தேன்.

"கடைசியில கூப்பிடு."

நாற்காலியில் இருந்தார். கதவு திறந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

வெளியே முழங்கால் அளவு பனி. அவர் காலில் ஒரு பொட்டு ஈரமில்லை. தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி... பல்வலி போல என்று நினைத்தேன். எப்போதும் புகையிலையை மென்று எச்சில் கிண்ணத்தில் 'டங்' என்று துப்புவார். அன்று அந்தச் சத்தம் இல்லை.

குளிரில் எல்லார் வாயிலிருந்தும் ஆவி வந்தது.

அவர் வாயிலிருந்து வரவில்லை.

12.16. ஆம், பதினாறு. இல்லை, பதினாறு. சமமானால் மசோதா செத்தது.

சபை அவரைப் பார்த்தது. ஜெயிக்கிற பக்கம் என்று ஒன்று இல்லவே இல்லை. வாழ்நாளில் முதல்முறையாக அவரே முடிவு செய்ய வேண்டும்.

12.17. "செனட்டர் டன்வெல்..."

"ஆம்."

உதடு அசையவில்லை.

குனிந்து எழுதினேன். மை கொட்டியது. பிடரியில் பனிக்கட்டி வைத்தது போலக் குளிர்... காதருகே குரல்.

"எழுதிட்டியா, லெமுவேல்?"

பதினோரு வருடமாக என்னை "ஏய், குமாஸ்தா" என்று மட்டுமே கூப்பிட்டவர்.

தலை நிமிர்ந்தேன்.

நாற்காலி காலி.

டக்... டக்... பார்னபஸ் பெண்டுலத்தை விட்டுவிட்டார்.

இரண்டு மணிக்கு ஆளுநர் கையெழுத்திட்டார். ஏமஸ் பிழைத்தான். மூன்று மணிக்கு, தங்கை சுட்டுக் கொடுத்தனுப்பிய ஆப்பிள் பலகாரத் தட்டோடு, நன்றி சொல்ல டன்வெல் தங்கியிருந்த விடுதிக்குப் போனேன். கதவைத் திறந்த விடுதிக்காரி ஹெப்சிபாவை அதற்குமுன் பார்த்ததில்லை. செனட்டிலிருந்து வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"தகவல் அனுப்பணும்னுதான் இருந்தேங்க, பனியில ஆள் கிடைக்கல. காலைல ஒன்பதே முக்காலுக்கே போயிட்டாரு. டாக்டர் நாடி பாத்தாரு. நான்தான் தாடையைக் கட்டினேன்."

தொப்பியைக் கழற்றினேன்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க... பன்னிரண்டு ஒன்பதுக்குப் பொணம் பேசுச்சு. 'கடைசியில கூப்பிடு'ன்னு. பதினேழுக்கு 'ஆம்'னு. கட்டு கட்டினபடியே இருக்குங்க."

தட்டைக் கீழே வைத்தேன்.

"அப்புறம் ஒண்ணு கேட்டாரு. 'எழுதிட்டியா, லெமுவேல்?'னு..."

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"யாருங்க அந்த லெமுவேல்?"