நாலு டிகிரியில் கருத்த வாழைத்தார்

சங்கரன்கோவில் சந்தையில் பன்னிரண்டு வருஷம் காய்கறிக்கடை போட்டவள் இசக்கிசெல்வி. அழுகியதை அழுகியது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள். கத்தரிக்காய்க்கும் அதே நியாயம், கவுன்சிலருக்கும் அதே நியாயம். அந்த வாயோடு வியாபாரம் எப்படி விளங்கும்? கடையை மூடிவிட்டு, விவசாயிகள் சங்கம் புதிதாகக் கட்டிய குளிர்கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தாள். சங்கத் தலைவர் பேச்சிராஜாதான் சேர்த்துவிட்டார். கதவு நல்ல கனம், உள்ளே கத்தினால் வெளியே கேட்காது என்று நினைத்தாரோ என்னவோ.

கிடங்கில் இரண்டு அறைகள். ஒன்றில் காய், கனி எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. இன்னொன்றில் தலைவருடைய வாடகைப் பாத்திரக்கடையின் நாற்காலிகளும் பிரியாணி அண்டாக்களும் சொகுசாக இருந்தன. குளிர் நாலு டிகிரி. அதை யாரும் தொடக்கூடாது என்பது தலைவர் உத்தரவு.

"குளிரு கூடக் கூடத்தான் காய்க்கு ஆயுசு, தெரிஞ்சுக்கோ" என்பார்.

பனவடலிசத்திரத்துக் காளிராஜ் முப்பது வாழைத்தாரை வைத்துவிட்டுப் போனார். எட்டாம் நாள் வந்து பார்த்தால் காயெல்லாம் தீயில் வாட்டியதுபோலக் கருத்துக் கிடந்தது.

"ஏட்டி, தாரைக் கொண்டாந்து வச்சா கரிமூட்டம் போட்டு வச்சிருக்கே!"

"நான் கதவைத் தொறந்து மூடுதவ அண்ணாச்சி. குளிரு போடுதது தலைவரு."

தலைவர் வந்து பார்த்தார். மோவாயைத் தடவினார். திருஷ்டி என்று தீர்ப்புச் சொல்லி, வாசலில் ஒரு பூசணிக்காயைக் கட்டச் சொன்னார். உள்ளே இருக்கிற காயைக் காப்பாற்ற வெளியே ஒரு காயைத் தூக்கில் போடுகிறாரே என்று இசக்கிசெல்விக்குச் சிரிப்பாக வந்தது. ஆனாலும் காளிராஜ் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனது இரண்டு நாளாக அவள் நெஞ்சைவிட்டுப் போகவில்லை.

அந்த வாரம் எந்திரத்தைச் சரிபார்க்க ஜாய்ஸ் என்ற மெக்கானிக் பெண் வந்தாள். கருத்த சீப்பைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எந்தக் காய்க்கு எவ்வளவு குளிருன்னு ஒரு பட்டியல் ஒட்டிட்டுப் போனேனே, எங்கக்கா?"

தேடினார்கள். கதவுக்குப் பக்கத்தில், மாலை போட்ட தலைவர் படத்துக்குப் பின்னால் இருந்தது. படத்தைக் கழற்றிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள் இசக்கிசெல்வி. கேரட்டும் முட்டைக்கோசும் நாலுக்குக் கீழேயும் தாங்கும். வாழைக்குப் பதிமூன்று வேண்டும். தக்காளியும் கத்தரியும் வாழையின் கட்சி. பழுத்த மாம்பழத்தை வெள்ளரிக்காய் பக்கத்தில் வைத்தால் வெள்ளரி மஞ்சளாகிவிடும்.

"அப்போ ரெண்டு ரூமும் வேணும்லா?"

"வேணும். அண்டாவுக்குக் குளிரு வேண்டாம்க்கா."

அன்றைக்கே சுமை தூக்குகிறவர்களைக் கூப்பிட்டு நாற்காலிகளையும் அண்டாக்களையும் முற்றத்து வெயிலில் இறக்கினாள் இசக்கிசெல்வி. சேதி போய், தலைவர் வண்டியில் பறந்து வந்தார்.

"யாரைக் கேட்டுவே தூக்குனீய? ஏட்டி, ஒனக்கு வேலை வேணுமா வேண்டாமா?"

"வேணும். நீங்க சட்டையைக் கழத்திட்டு அந்த நாலு டிகிரியில பத்து நிமிசம் உக்காந்துட்டு வாங்க. ஆயுசு கூடுதான்னு பாப்போம். கூடிச்சுன்னா நானே எல்லாத்தையும் உள்ள ஏத்துதேன்."

சுமைக்காரர்கள் ஏழு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறுத்தால் மானம் போய்விடும். தலைவர் சட்டையைக் கழற்றிக்கொண்டு, தொந்தி முன்னே போக உள்ளே போனார். நான்காவது நிமிஷம் கதவு தடதடத்தது. பல் தந்தியடிக்க, நீலம் பாரித்த உதட்டோடு வெளியே வந்தவர் நேராகப் போய் வெயிலில் காய்ந்த அண்டாவைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இசக்கிசெல்விக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. டீ வாங்கி வரச் சொல்லிக் கையில் கொடுத்தாள்.

"வாழைக்கும் இப்படித்தான் தலைவரே. கதவைத் தட்டத் தெரியாததால கருத்துப் போவுது."

அவர் டீயைக் குடித்தார். அண்டாவை உள்ளே ஏற்றச் சொல்லவில்லை.

காளிராஜை மறுபடி தார் கொண்டுவரவைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. இரண்டு தடவை பனவடலிசத்திரத்துக்கே போய்ப் பேசினாள். "பத்துத் தாரு கொண்டாங்க. கருத்தா என்னைய ஊரறிய ஏசுங்க" என்றாள். கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது கொண்டுவந்தார். நம்பிக்கையில்லாமல் தினமும் வந்து கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். குளிர் வெளியே போகிறது என்று இவள் தினமும் ஏசினாள். தபசு வாரத்தில் வெளியே எடுத்தபோது தார் பச்சை மாறாமல் இருந்தது. இரண்டு மூன்று நாளில் மஞ்சளாகப் பழுத்தது.

அதன்பிறகு அவள் வைத்ததே சட்டம். உச்சிவெயிலில் பறித்த காயைச் சூட்டோடு கொண்டுவந்தால் மரநிழலில் ஆறவைத்துத்தான் உள்ளே விடுவாள். "மாப்பிள்ளை அழைப்பு மாதிரி காக்கவைக்குதாளே" என்று முணுமுணுப்பார்கள், ஆனாலும் காத்திருப்பார்கள். துபாயிலிருந்து மகன் வரும்வரை செத்துப்போன தாத்தாவின் உடம்பை உள்ளே வைக்க முடியுமா என்று ஒரு குடும்பம் கேட்டு வந்தபோது மட்டும் அவள் சட்டம் பேசவில்லை. ஆஸ்பத்திரிப் பிணவறையில் கேட்கச் சொல்லி ஆட்டோ பிடித்துக் கொடுத்து அனுப்பினாள்.

இப்போது சங்கத்தின் கூட்டங்களில் அவளுக்கும் ஒரு நாற்காலி உண்டு. கத்தரி வெயில் கொளுத்தும்போதும் ஸ்வெட்டரும் குரங்குக்குல்லாயுமாகத்தான் வந்து உட்காருவாள். தலைவர் அரை மணி நேரத்துக்கு மேல் பேசினால், "சரி, அழுகுறதுக்குள்ள முடிங்க" என்பாள்.